செல்வ நாடுகளின் சுகாதாரச் செலவும் எமது மலைநாடும்

திருக்குறளிலே மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களை வகுத்துக் காட்டுகின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்வோன் என்பன அவை. எமது கல்லூரியில் இவ்வதிகாரம் பாடமாக நடைபெற்ற நாளொன்றில், பின்வாங்கிலிருந்த நண்பர் ஒருவர் எழுந்து, "ஐயா, காசு கொடுப்பவனை வள்ளுவர் ஏன் சேர்க்கவில்லை?" என்று வினவினார். வகுப்பு முழுவதும் நகைத்தது, ஆசிரியர் நகைக்கவில்லை. "நல்ல கேள்வி, விடையை நீரே தேடிக் கொள்ளும்" என்று கூறி அடுத்த அதிகாரத்துக்குச் சென்றார். அந்நண்பர் பிற்காலத்தில் வங்கியிற் சேர்ந்து பிறர் காசை எண்ணலானார். வினா மட்டும் எம்மோடு மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஹற்றனையும் டிக்கோயாவையும் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலே யாம் பல்லாண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தோம். விழா மலர்க் குழுவினர் இக்கால மாணவருக்குப் பயன்படத்தக்க பாடமொன்று எழுதித் தருமாறு பணித்தபோது, அப்பழைய வினாவையே எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். ஒரு நாடு நோய்க்கும் நலத்துக்கும் எவ்வளவு செலவிடுகின்றது, அதனை மற்றொரு நாட்டின் செலவோடு எங்ஙனம் ஒப்பிடுவது, அவ்வொப்பீடு எதனைக் காட்டும், எதனை மறைக்கும் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன. செல்வ நாடுகளைப் பற்றித் தொடங்கி லயத்திலே முடிப்பது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே எமது துணிபு.

முதலில் அளவுகோலைப் பற்றிச் சில கூறல் வேண்டும். நாடுகளின் செலவை ஒப்பிடுவோர் இருவகை அளவுகளைக் கையாளுகின்றனர். ஒன்று, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியை நூறு பங்காக்கி, அதில் எத்தனை பங்கு சுகாதாரத்துக்குச் செல்கின்றது எனக் காண்பது. மற்றையது, ஆளொருவருக்கு எத்தனை டொலர் எனக் காண்பது. 1961ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு என்னும் செல்வ நாடுகளின் சங்கம் இவ்விரு கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட்டு வருகின்றது. கொள்ளைநோய் பரவுவதற்கு முந்திய 2019ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் ஐக்கிய அமெரிக்கா தன் உற்பத்தியில் நூற்றுக்கு ஏறக்குறையப் 17 பங்கைச் சுகாதாரத்துக்குச் செலவிட்டது. ஜேர்மனி 12 பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், சுவிற்சர்லாந்து, பிரான்சு, யப்பான் ஆகியன 11 பங்கை ஒட்டியும், பிரித்தானியா 10 பங்கை ஒட்டியும் செலவிட்டன. அச்சங்கத்து நாடுகளின் சராசரி 9 பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆளொருவர் கணக்கிலோ, அமெரிக்கா ஏறக்குறைய 10,900 டொலர், சுவிற்சர்லாந்து 7,100, ஜேர்மனி 6,500, யப்பான் 4,700, பிரித்தானியா 4,500 எனச் செலவிட்டன.

ஈண்டு டொலர் என்றது நாணயமாற்றுக் கடையிற் பெறும் டொலரை அன்று. ஒரே பண்டத்துக்கு நாட்டுக்கு நாடு விலை வேறுபடுதலின், ஒவ்வொரு நாணயமும் தன் நாட்டிலே எவ்வளவு பண்டத்தை வாங்க வல்லது என்பதை அறிந்து மாற்றிய டொலர் அது. இதனைக் கொள்வனவுச் சமநிலை என்பர். இதன் இன்றியமையாமையை எமது நாட்டார் 2022ஆம் ஆண்டிலே துன்பப்பட்டு அறிந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபா அளவாயிருந்த விலை, மே மாதத்தில் 360 ரூபா அளவாயிற்று. கடை மாற்றுவீதத்தைக் கொண்டு கணக்கிட்டால், இலங்கை ஒரு தாதிக்குச் செலவிட்ட தொகை சில கிழமைகளுள் ஏறக்குறையப் பாதியாகி விட்டது. ஆயினும் வார்ட்டிலே அதே தாதி அதே இரவுக் கடமையைத்தான் செய்துகொண்டிருந்தார். மறுபுறம், பிறநாட்டிலிருந்து வருவிக்கும் மருந்துக்கு அந்தக் கொடிய மாற்றுவீதமே மெய்யான விலையாயிற்று; மருந்து அலுமாரிகள் வெறுமையாயின. ஆகவே, எந்த அளவுகோல் சரியானது என்பது எதனை அளக்கின்றோம் என்பதைப் பொறுத்தது. கணிதத்தில் இதனை அலகு மாற்றம் என்று கற்றோம். அலகை மறந்தவனுக்கு ஆசிரியர் தந்த பரிசு முழங்காலில் நிற்பது என்பது பழைய மாணவர் அனைவருக்கும் நினைவிருக்கும்.

பங்குக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. பின்னத்தின் தொகுதி மாறாதிருக்கப் பகுதி மாறினாலும் விடை மாறும். அயர்லாந்திலே பெருங்கம்பனிகள் பல தம் கணக்கேடுகளை வைத்திருத்தலின், அந்நாட்டின் உற்பத்தி அந்நாட்டாரின் மெய்யான வருமானத்தினும் பெரிதாகத் தோன்றுகின்றது. அதனால் அதன் சுகாதாரச் செலவு சிறுத்துத் தெரிகின்றது. 2020ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் பங்கு 10இலிருந்து 12 அளவுக்கு உயர்ந்தது. கொள்ளைநோய்க்காகச் செலவு கூடியது ஒரு காரணம். உற்பத்தி வீழ்ந்தது மற்றொரு காரணம். இரண்டையும் பிரித்தறியாது 'செலவு பெருகிற்று' என எழுதுவோர் பலர். அன்றியும், எதைச் செலவாக எண்ணுவது என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஒல்லாந்திலும் நோர்வேயிலும் முதியோரைப் பேணும் இல்லங்களுக்கும் பணியாளருக்கும் கொடுக்கும் பணம் சுகாதாரச் செலவின் பெரும் பகுதி. எமது நாட்டிலே கிழவியைப் பேணுபவள் மருமகள். அவளுக்குச் சம்பளமில்லை, ஆகவே அவள் உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

இனி, செல்வ நாடுகளுள் இத்துணை வேற்றுமை ஏன் என்று நோக்குவோம். யோசப் நியூகவுஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1977ஆம் ஆண்டில் 13 நாடுகளின் கணக்கை ஆராய்ந்து, மருத்துவச் செலவின் வேற்றுமையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் ஆள்வீத வருமான வேற்றுமையாலேயே விளங்கும் என்று காட்டினார். பொருள் பெருகப் பெருக மனிதர் உணவுக்குச் செலவிடும் பங்கு குறையும். உடல்நலத்துக்குச் செலவிடும் பங்கு குறையாது, கூடவும் செய்யும். இது பொதுவிதி. ஆயினும் அமெரிக்கா இவ்விதியின் கோட்டையும் தாண்டி நெடுந்தொலைவு சென்றுவிட்டது. 1960ஆம் ஆண்டில் அந்நாடு நூற்றுக்கு 5 பங்கே செலவிட்டது. 1980இல் அது 9 பங்கை ஒட்டி வந்தது. 2000இல் 13 பங்கைத் தாண்டிற்று. 2023இல் 17 பங்குக்கு மேலாயிற்று.

அமெரிக்கர் பிறரினும் மிகுதியாக மருத்துவரை நாடுகின்றனரோ? இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக ஓர் அமெரிக்கர் நான்கு முறை வரையில் மருத்துவரைக் காண்கின்றார். யப்பானியரோ பன்னிரண்டு முறை வரையில். படுக்கைகளோ எனின், ஆயிரம் பேருக்கு யப்பானில் 12க்கு மேல். அமெரிக்காவில் 3க்கும் குறைவு. இவ்விடயத்தை 2003ஆம் ஆண்டிலே கட்டுரையொன்றில் ஆராய்ந்த உவே ரைன்ஹார்ட் முதலிய அறிஞர் நால்வர், மிகையான செலவுக்குத் தலையாய காரணம் விலையே என முடிவு கூறினர். அதாவது, அதே மருந்து, அதே சத்திரசிகிச்சை, அதே படப்பிடிப்பு ஆகியவற்றுக்கு அமெரிக்கர் பிறரினும் பன்மடங்கு கொடுக்கின்றனர். யப்பானிலே 1961ஆம் ஆண்டு முதல் குடிகள் அனைவரும் காப்புறுதிக்குள் அடங்குவர். மருத்துவர் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பெறத்தக்க கட்டணத்தை அரசு வகுத்து இரண்டாண்டுக்கு ஒருமுறை திருத்துகின்றது. பிரித்தானியாவிலே 1948ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள் தொடங்கிய தேசிய சுகாதார சேவையில் வரிப்பணமே செலவைத் தாங்குகின்றது. ஜேர்மனியின் காப்புறுதிச் சங்கங்கள் 1883ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவன. இம்மூன்று நாடுகளிலும் வாங்குவோன் ஒருவனாகவோ ஒன்றுகூடிய கூட்டமாகவோ நின்று விலை பேசுகின்றான். அமெரிக்காவிலோ எண்ணிறந்த காப்புறுதிக் கம்பனிகள் தனித்தனியே பேசுகின்றன. அப்பேச்சுக்கும் பத்திரங்களுக்கும் எழுதுவினைஞருக்கும் ஆகும் செலவும் நோயாளியின் தலைமேலேயே ஏறுகின்றது.

பெருஞ்செலவின் பயன் யாது? 2019இல் அமெரிக்கரின் ஆயுள் எதிர்பார்ப்பு 79 ஆண்டுகளை எட்டவில்லை. யப்பானியரது 84 ஆண்டுகளைத் தாண்டிற்று. 2021இல் அமெரிக்கரது 76.4 ஆக வீழ்ந்து, பின்னர் மீண்டது. இதைக் கொண்டு அமெரிக்க மருத்துவர் திறமையற்றவர் என்று முடிவு செய்வது பெருந்தவறு. துப்பாக்கி, வீதி விபத்து, போதைப்பொருள், மிகையுடல் ஆகியன வைத்தியசாலை வாயிலுக்கு வெளியே ஆயுளைக் குறைப்பன. ஆயுளை ஆக்குவது மருந்து மாத்திரம் அன்று. உணவு, நீர், வீடு, தாயின் கல்வி யாவும் சேர்ந்தே ஆக்குகின்றன. இதனை மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் மலைநாட்டைப் பற்றிப் பேசும்போது இது எமக்குத் தேவைப்படும்.

இலங்கை இவ்வரிசையில் எங்கே நிற்கின்றது? எமது நாடு சுகாதாரத்துக்குச் செலவிடுவது உற்பத்தியில் நூற்றுக்கு 4 பங்கு அளவே. ஆளொருவருக்கு, 2019ஆம் ஆண்டின் கடை மாற்றுவீதப்படி, 160 டொலர் அளவு. ஆயுள் எதிர்பார்ப்போ 76 ஆண்டுகளுக்கு மேல். 1951ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது. 1985ஆம் ஆண்டிலே ரொக்பெல்லர் நிறுவனம் 'குறைந்த செலவில் நல்ல சுகம்' என்னும் பொருளில் ஆய்வொன்றை வெளியிட்டபோது, உலகுக்கு முன்மாதிரியாக எடுத்துக் காட்டிய நான்கு இடங்கள் சீனா, கொஸ்ரா ரிக்கா, கேரளம், இலங்கை. நாட்டுப்பற்றுள்ள எவரும் மகிழத்தக்க செய்தி இது, யாமும் மகிழ்கின்றோம். பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலே இதனை மேற்கோள் காட்டுமாறு மாணவருக்குச் சொல்லியும் இருக்கின்றோம்.

ஆயினும் இக்கணக்குக்கு ஒரு முன்கதை உண்டு. அது மலைநாட்டிலே நிகழ்ந்தது. அதே ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொளுக்கிப்புழுவை ஒழிக்கும் வேலையைத் தொடங்கினர். தொழிலாளருள் பத்தில் ஒன்பது பேருக்குக் குறையாமல் அப்புழுவைக் கொண்டிருந்தனர். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினர், இரத்தம் ஊறிற்று, தொழிலாளி நிமிர்ந்து நின்றான். சில மாதங்களில் மீண்டும் புழு. காரணம் வெளிப்படை. லயத்துக்கு மலசலகூடம் இல்லை. வெறுங்காலுடன் மிதிக்கும் மண்ணிலேயே புழுவின் முட்டை கிடந்தது. மருந்தை நிறுவனம் கொடுத்தது. மலசலகூடத்தைத் தோட்டத்து நிருவாகமே கட்டல் வேண்டும். துரைமாருள் பலர் மருந்தை மனமுவந்து ஏற்றனர். கட்டடச் செலவுக்கு மனம் இசையவில்லை. மருந்து கொடுப்பது மாத்திரம் பயன்தராது என்பதை நிறுவனத்தார் இவ்வாறு கற்றுக்கொண்டனர். 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை, நோய் வருமுன் காக்கும் முறை, நாடெங்கும் பின்னர் பரவியதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம். அதாவது, பிற்காலத்தில் உலகம் புகழ்ந்த மலிவான நற்சுகத்தின் முதற்பாடம் தோட்டத்து மண்ணிலே கற்கப்பட்டது. கற்ற பாடத்தின் பயனோ நெடுங்காலம் கிராமங்களுக்கே சென்றது.

ஏன் அவ்வாறாயிற்று என்பதற்கு விடை, 'காசு கொடுப்பவன் யார்' என்ற வினாவிலே இருக்கின்றது. 1872ஆம் ஆண்டிலே கோப்பித் தோட்டங்களின் காலத்தில், குடியேறிய தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் பிறந்தது. பின்னர் திருத்தங்கள் பல வந்தன. 1912ஆம் ஆண்டில் வந்தது முக்கியமானது. இவற்றின் சாரம் யாதெனில், தோட்டத் தொழிலாளியின் உடல்நலம் தோட்டத்தின் பொறுப்பு என்பது. கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. நாட்டின் ஏனைய மக்களுக்கு இல்லாத சட்டப் பாதுகாப்பு எனச் சிலர் அக்காலத்தில் மெச்சினர். ஆனால், ஒருவனுடைய மருந்துச் செலவை அவனுடைய எசமானின் இலாப நட்டக் கணக்கோடு கட்டிவிட்டால், தேயிலை விலை இறங்கும்போது மருந்து அலுமாரியும் இறங்கும். துரை நல்லவராயின் தோட்ட ஆஸ்பத்திரி நன்றாக நடக்கும். அவர் மாற்றலாகிச் சென்றால் கூரை ஒழுகும்.

அமெரிக்காவை நினைவூட்டவே இதனைக் கூறினோம். 1942ஆம் ஆண்டில், போர்க்காலத்திலே, அமெரிக்க அரசு சம்பள உயர்வைத் தடைசெய்தது. தொழிலாளரைக் கவர விரும்பிய கம்பனிகள் சம்பளத்துக்குப் பதிலாகச் சுகாதாரக் காப்புறுதியைக் கொடுக்கத் தொடங்கின. 1954ஆம் ஆண்டு வரிச் சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதிப்படுத்திற்று. இன்றும் அமெரிக்கருள் பாதிப்பேர் அளவில் தொழில் வழியாகவே காப்புறுதி பெறுகின்றனர். வேலை போனால் காப்புறுதியும் போகும் என்ற அச்சம் அவர்களை விட்டகலவில்லை. உலகின் மிகப் பெருஞ்செல்வ நாட்டின் அலுவலக ஊழியனும், செக்ரோலிலே பெயர் பதிந்த மஸ்கெலியாத் தொழிலாளியும் இவ்வொரு விடயத்தில் ஒரே படகில் இருந்தனர் என்றால் நம்புவது அரிது. ஆயினும் உண்மை. செக்ரோலிலிருந்து பெயர் நீங்கியவர் தோட்டத்து மருந்துக்கு உரிமையுடையவரோ என்ற வாக்குவாதத்தை யாம் பலமுறை கேட்டிருக்கின்றோம்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பயனாக மலைநாட்டுத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1951இல் நாடெங்கும் இலவசச் சிகிச்சை வந்தபோது, வாக்கில்லாத மக்களின் வாசலுக்கு மருத்துவமாதை அனுப்புமாறு எந்த அரசியல்வாதியும் அவசரப்படவில்லை. தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்பதே கச்சேரியின் விடையாயிருந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் அவ்விடைக்காலத்திலேதான், 1973, 1974இன் உணவுப் பஞ்சத்தில், தோட்டங்களில் மரணம் பெருகிற்று. 'குறைந்த செலவில் நல்ல சுகம்' என்ற புகழுரை வெளிவருவதற்குப் பதினோராண்டுக்கு முன் நிகழ்ந்தது அது. பின்னர் நிலைமை பெரிதும் திருந்தியது, குழந்தை மரணம் குறைந்தது, பிள்ளைக்காம்பராக்கள் செப்பனிடப்பட்டன, குடிநீர்க் குழாயும் மலசலகூடமும் பல லயங்களுக்கு வந்தன. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை அளித்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளுட் சிலவற்றை அரசு தானே பொறுப்பேற்றது. எஞ்சியவை அரசுக்கும் கம்பனிக்கும் இடையிலே, எவருக்கும் முழுதாகச் சொந்தமின்றி நிற்கின்றன. இன்று தோட்டத்திலே குடியிருப்போருள் பெரும்பாலோர் தோட்டத்திலே வேலை செய்பவர் அல்லர். அவர்களது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கம்பனி எதற்காகச் செலவிடும்? கம்பனியின் கேள்வி கணக்கியல் முறையில் நியாயமானதே. அக்கேள்வி எழாதபடி அமைப்பை மாற்றுவது அரசின் கடன்.

சராசரி எதனை மறைக்கும் என்பதற்கு ஒரே ஓர் எண் போதும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டிலே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர் அளவு. எமது வகுப்பில் முன்வாங்குப் பிள்ளைகளைப் பார்த்து இவர்கள் ஐந்தாம் வகுப்போ, எட்டாம் வகுப்போ என்று மேற்பார்வைக்கு வந்தோர் வினவுவதுண்டு. எட்டாம் வகுப்பு என்றால் வியப்பர். யாம் வியப்பதை நெடுங்காலத்துக்கு முன்னரே விட்டுவிட்டோம். அது எமது குற்றமாகவும் இருக்கலாம்.

ஒரு குடும்பத்தின் கணக்கை இங்கே எடுத்துக் காட்டுவோம். 2021ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, எமது மாணவியொருத்தியின் தம்பிக்கு நெஞ்சிற் சளி கட்டி மூச்சு வாங்கிற்று. தோட்டத்து மருந்தகம் மூடியிருந்தது. மருத்துவ உதவியாளர் வேறிரண்டு தோட்டங்களையும் பார்க்க வேண்டியவர். 1990 என்னும் இலவச அம்புலன்சு சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களிலே இந்திய உதவியுடன் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது. எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் மேட்டு லயத்துக்குச் செல்லும் கற்பாதையில் அவ்வண்டி ஏறாது. அக்காலமாயின் கொழுந்து லொறியில் ஏற்றியிருப்பர். அன்று முச்சக்கர வண்டி பிடித்தனர். போகவர வாடகை 3,000 ரூபா. தாய் இரண்டு நாள் உடனிருந்தாள். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலிருந்து நாட்சம்பளம் 1,000 ரூபா. ஆகவே 2,000 ரூபா சம்பளம் போயிற்று. வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியே வாங்கியது 1,400 ரூபா. மொத்தம் 6,400 ரூபா. வைத்தியர் நன்றாகக் கவனித்தார், பிள்ளை பிழைத்தான். சில நாட்களின் பின் தகப்பனார் எம்மிடம் சொன்னார்: "ஆஸ்பத்திரியில ஒரு சதமும் கேக்கலிங்க சேர். அங்க போய்ச் சேர்றதுக்குத்தான் காசு."

இதனை நாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சர்வதேச முறைப்படி எழுதப்படும் சுகாதாரக் கணக்கிலே, இக்குடும்பம் செலவிட்டதாகப் பதியத்தக்கது மருந்துக்கடையிற் கொடுத்த 1,400 ரூபா மாத்திரமே. முச்சக்கர வண்டியின் வாடகை போக்குவரத்துச் செலவு. சம்பள இழப்போ செலவே அன்று. 6,400இல் 5,000 கணக்குக்கு வெளியே. ஆளொருவருக்கு 160 டொலர் என்று யாம் முன்னர் பெருமையோடு எழுதிய எண்ணிலே அந்த 5,000 ரூபாய்க்கு இடமில்லை. அக்கணக்கிலேயும், இலவசச் சிகிச்சை நாடு எனப்படும் இலங்கையின் சுகாதாரச் செலவில் ஏறக்குறையப் பாதி மக்களின் சொந்தச் சட்டைப்பையிலிருந்தே செல்கின்றது. அமெரிக்காவிலே அவ்வாறு செல்வது பத்திலொரு பங்கு அளவு. இது பலருக்குத் தெரியாத செய்தி. கொழும்பிலே வசதியுள்ளோர் தனியார் மருத்துவமனைக்குக் கொடுப்பது அதிற் பெரும்பகுதி என்பதும் சொல்லப்படல் வேண்டும். ஆயினும் வசதியுள்ளவரின் 1,400 ரூபாவும் கொழுந்தெடுப்பவளின் 1,400 ரூபாவும் ஏட்டிலே ஒரே எண்ணாகத்தான் விழுகின்றன.

சிறுதொகையும் வாசலை அடைக்க வல்லது. 1971ஆம் ஆண்டிலே எமது அரசாங்க வைத்தியசாலைகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியபோது வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் நிறுவனம் நடத்திய புகழ்பெற்ற பரிசோதனையிலும், செலவில் ஒரு பகுதியைத் தாமே கொடுக்க நேர்ந்தவர் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டனர். வேண்டாத சிகிச்சையை மட்டுமன்றி வேண்டிய சிகிச்சையையும் அவ்வாறே குறைத்தனர். 25 சதமே இவ்வாறாயின் 3,000 ரூபா வாடகை என்ன செய்யும்? அத்தாய் முதல்நாள் மாலையிலேயே பிள்ளையைக் கொண்டு சென்றிருக்க வேண்டும் என்று வைத்தியர் கடிந்தாராம். அவள் ஏன் விடியும்வரை காத்திருந்தாள் என்பதற்கான விடை வாடகையிலே இருந்தது.

நம்பிக்கைக்குரியனவும் உள. டிக்கோயாக் கிளங்கனிலே இந்திய அரசின் உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியால் திறந்து வைக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக்காகக் கண்டிவரை செல்ல வேண்டியிருந்தோர் பலருக்கு அது பேருதவி. ஆனால் கட்டடம் ஒருமுறைச் செலவு. வைத்தியரும் தாதியரும் ஆண்டாண்டுச் செலவு. செல்வ நாடுகளின் கணக்கிலே முதலீட்டையும் நடப்புச் செலவையும் வேறு வேறு பத்தியில் எழுதுகின்றனர். ஒப்பீட்டுக்கு நடப்புச் செலவையே எடுக்கின்றனர். மலைநாட்டுக்கு வந்த உதவிகளையும் அவ்வாறே பிரித்தெழுதிப் பார்த்தல் நன்று. எமது கருத்தில், தோட்டத்து மருந்தகங்கள் அனைத்தையும் அரசு முழுதாகப் பொறுப்பேற்று, தகுதிபெற்ற வைத்தியரையும் தமிழ் பேசும் மருத்துவமாதரையும் அங்கே அமர்த்துதல் வேண்டும். அதற்கு நூற்றுக்கு 4 பங்கு என்பது போதாது, கூட்ட வேண்டும். நோயாளி தன் நோவைத் தன் மொழியிலே சொல்ல இயலாத இடத்தில், மருந்து எவ்வளவு இலவசமாயினும் பாதிப் பயனே தரும். அமெரிக்காவைப் போல 17 பங்கு செலவிடுக என்று எவரும் கேட்கவில்லை. மேட்டு லயத்துக்கு அம்புலன்சு ஏறக்கூடிய பாதை எந்த அமைச்சின் ஏட்டிலும் சுகாதாரச் செலவாக எழுதப்படாது. ஆயினும் அதுவே முதற்செலவு.

இப்பாடத்தை வகுப்பில் நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு, யாம் கையாண்ட பயிற்சியொன்றைக் கூறி முடிக்கின்றோம். ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டில் இறுதியாக வந்த நோய்க்கான செலவை நான்கு பத்திகளில் எழுதி வருதல் வேண்டும். வைத்தியருக்குக் கொடுத்தது, மருந்துக்குக் கொடுத்தது, போக்குவரத்துக்குக் கொடுத்தது, உடனிருந்தவர் இழந்த சம்பளம் என்பன அவை. பின்னர் அவற்றுள் எவை நாட்டுக் கணக்கிலே சேரும், எவை சேரா எனப் பிரித்துக் கூட்டுதல் வேண்டும். இறுதியாகச் செய்தபோது முப்பத்திரண்டு பிள்ளைகள் விடை கொண்டுவந்தனர். முதற்பத்தி ஏறக்குறைய எல்லோருக்கும் வெறுமையாயிருந்தது. நாலாம் பத்தியை நிரப்பியோர் அனைவரும் தாயின் பெயரையோ பாட்டியின் பெயரையோ எழுதியிருந்தனர். வள்ளுவர் நாலாவது உறுப்பாகக் கூறிய, அருகிருந்து பணிவிடை செய்வோரே காசு கொடுப்போராகவும் இருந்தனர். வங்கியிற் சேர்ந்த எம் நண்பர் இம்மலரை வாசிப்பாராயின், அவரது வினாவுக்கு இவ்வளவு தாமதமாகவேனும் ஒரு விடை அனுப்பியுள்ளோம் எனக் கொள்வாராக.